செத்த பிறகு வாற வேலைகளை உயிரோட இருக்கேக்கயே ஒழுங்குபடுத்தி வைக்கிறது: திருகோணமலை ஆக்களுக்கு ஒரு தொடக்க விளக்கம்

எங்கட வீடுகள்ல சாவைப் பற்றி வாயைத் திறந்தாலே "விளக்கு வைக்கிற நேரத்தில இதென்ன கதை" எண்டு ஏசுவாங்க. அப்பா அம்மாக்கு எழுபது தாண்டின பிறகும் பிள்ளைகள் கேக்கப் பயம், கேட்டா சொத்துக்கு அலையிறான் எண்டு நினைச்சிடுவாங்களோ எண்டு. அப்பா அம்மாவும் தாங்களாச் சொல்ல மாட்டாங்க. கடைசியில செத்த வீடு நடக்கும், எட்டுச் செலவு முடியும், முப்பத்தொண்டும் முடியும், செத்தவர்ட நினைவாப் போடுற கல்வெட்டுப் புத்தகமும் அடிச்சுக் குடுத்தாச்சு, அதுக்குப் பிறகுதான் அலுமாரியைத் திறந்து காணி உறுதிப் பத்திரம் எங்க, பாஸ் புத்தகம் எங்க எண்டு தேடத் தொடங்குவாங்க. அந்தத் தேடல் வருஷக்கணக்கா இழுபட்டு சகோதரங்கள் முகம் பாக்காமப் போன வீடுகள் எங்கட ஊர்ல நிறைய இருக்கு. அதைக் காணக் காண மனசு பொறுக்காமத்தான் இதை எழுதுறன்.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்க, மிச்சம் எல்லாம் அதில இருந்துதான் வரும். நிறையப் பேர் "ஒரு உயில் எழுதினாக் காணும்" எண்டு நினைக்கிறாங்க. அப்பிடி இல்ல. உறுதிக் காணி ஒரு சட்டத்தில போகும், பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி, வேற சட்டத்தில போகும், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு அதுக்கெண்டு நிரப்பின படிவத்தின்படி போகும், வங்கிக் காசு வங்கியில நீங்க குடுத்த பேரின்படி போகும், செத்த வீட்டை எப்பிடி நடத்தோணும் எண்ட விருப்பம் இது ஒண்டிலயும் போகாது, அதை உயிரோட இருக்கேக்க தனியா எழுதி வாயாலயும் சொல்லி வைக்கோணும். உங்களிட்ட என்னென்ன இருக்கு, ஒவ்வொண்டுக்கும் எந்தப் பேப்பர் எண்டு பிரிச்சு எழுதினாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

சரி, ஒண்டுமே எழுதாமச் செத்தா என்ன நடக்கும்? சட்டம் தானாப் பங்கு பிரிக்கும், ஆனா எல்லாருக்கும் ஒரே கணக்கில்ல. பொதுச் சட்டத்துக்குள்ள வாறவங்களுக்கு 1876ஆம் ஆண்டு வந்த 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதின்படி கணவனோ மனைவியோ உயிரோட இருந்தா அவருக்கு அரைவாசி, மிச்ச அரைவாசி பிள்ளைகளுக்குச் சமமா. பொம்பிளைப் பிள்ளை ஆம்பிளைப் பிள்ளை எண்ட வித்தியாசம் இல்ல, ஒரு பிள்ளை முதலே செத்திருந்தா அவற்ற பங்கு அவற்ற பிள்ளைகளுக்கு. முஸ்லிம் ஆக்களுக்கு 1931ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவங்கட மார்க்கச் சட்டப் பங்கு: பிள்ளைகள் இருந்தா மனைவிக்கு எட்டில ஒண்டு, கணவனுக்கு நாலில ஒண்டு, மிச்சத்தில மகனுக்குக் கிடைக்கிறதில பாதி மகளுக்கு. பிறகு தேசவழமை இருக்கு, வட மாகாணத்தை நிரந்தர வதிவிடமாக் கொண்ட தமிழ் ஆக்களுக்கு உரியது, முதுசம் (பரம்பரையா வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடினது) எண்டு சொத்தையே மூண்டாப் பிரிச்சுப் பாக்கும். திருகோணமலையில இது முக்கியமான கேள்வி, ஏனெண்டா இங்க எத்தனையோ குடும்பத்துக்கு வேர் வடக்கில இருக்கு. அப்பா வேலணையில இருந்து உத்தியோகத்துக்கு வந்து இங்கயே வீடு கட்டியிருப்பார், அம்மா மூதூர்ப் பக்கமா இருப்பா. அவங்களுக்கு எந்தச் சட்டம் எண்டு சும்மா ஊகிக்க வேண்டாம், சட்டத்தரணியிட்ட கேக்கிற முதல் கேள்வியே இதுவா இருக்கட்டும்.

சட்டம் பங்கு பிரிக்கேக்க பேப்பரைத்தான் பாக்கும், பாசத்தைப் பாக்காது. இது ரெண்டு இடத்தில எங்கட ஆக்களைக் கடுமையாத் தாக்குது. ஒண்டு, எடுத்து வளர்த்த பிள்ளைகள். சண்டைக் காலத்திலயும் 2004 சுனாமிக்குப் பிறகும் தங்கச்சிட பிள்ளை, அண்ணன்ட பிள்ளை, சில நேரம் ஒரு சொந்தமும் இல்லாத பிள்ளை எண்டு எத்தனை பேர் கூட்டிவந்து பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தாங்க. கோட்டில முறைப்படி தத்தெடுக்காட்டி அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி ஒரு அங்குலமும் வராது, எங்கேயோ இருக்கிற மச்சான் மச்சாள்மாருக்குப் போகும். ரெண்டாவது, பதியாத கல்யாணம். கோயில்ல தாலி கட்டி இருபது வருஷம் ஒண்டா வாழ்ந்திருப்பாங்க, ஆனா விவாகப் பதிவு இல்ல. அந்த மனுசி தான்தான் மனைவி எண்டு நிரூபிக்க சாட்சி தேடி அலையிறதை நினைச்சுப் பாருங்க, அதுவும் புருஷன் செத்த கவலையோட. இந்த ரெண்டு நிலையில இருக்கிற ஆக்கள் உயில் எழுதுறதைத் தள்ளிப் போடவே கூடாது, பதிவு செய்யாதவங்க பிரதேச செயலகத்தில கேட்டு விவாகத்தைப் பதியிற வழியையும் பாருங்க.

இன்னொண்டு சீதன வீடு. எங்கட பக்கத்தில மகளுக்கு வீடு குடுக்கிறது வழமை, கல்யாணம் பேசேக்க "இந்த வீடு உனக்குத்தான்" எண்டு பத்துப் பேருக்கு முன்னால சொல்லுவாங்க, மகளும் மருமகனும் அங்கயே இருந்து பின்பக்கம் ரெண்டு அறை எடுத்துக் கட்டி பிள்ளையும் பெத்து வளர்த்திருப்பாங்க, ஆனா உறுதி மட்டும் அப்பாட பேரிலயே கிடக்கும். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணி கைமாறுறது எண்டா நொத்தாரிசு (உறுதி, உயில் எழுதி அத்தாட்சிப்படுத்த அதிகாரம் உள்ளவர்) முன்னால எழுதி ஒப்பம் வைச்சாத்தான் செல்லும். வாய்ச்சொல் செல்லாது. அப்பா எழுதாமச் செத்தா அந்த வீட்டில மற்றப் பிள்ளைகளுக்கும் பங்கு வந்திடும், வெளிநாட்டில இருக்கிற மகன் கேக்க மாட்டார் எண்டு நம்பலாம், ஆனா அவரும் செத்து அவற்ற பிள்ளைகள் கேட்டா என்ன செய்யிறது? குடுக்கிறதெண்டு சொன்னா எழுதிக் குடுங்க. இதில நான் கொஞ்சம் கடுமையாத்தான் கதைப்பன், ஏனெண்டா இதால பாதிக்கப்படுறது கூடுதலா பொம்பிளைப் பிள்ளைகள்தான்.

இப்ப உயிலுக்கு வருவம். பதினெட்டு வயசு தாண்டி, சுய புத்தியோட இருக்கிற யாரும் எழுதலாம். 1844ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம் எங்கட நாட்டில முழுச் சுதந்திரம் குடுத்திருக்கு, விரும்பின ஆளுக்கு விரும்பினபடி எழுதலாம், ஒரு பிள்ளைக்கு ஒண்டும் குடுக்காம விடவும் ஏலும், காரணம் சொல்லத் தேவையில்ல. (தேசவழமைக்குள்ள வாறவங்க தேடிய தேட்டத்தில தங்கட பங்கை மட்டும்தான் எழுதலாம், மனுசிட பங்கையும் சேர்த்து எழுத ஏலாது.) எழுத்தில இருக்கோணும், அடியில எழுதினவர் ஒப்பம் வைக்கோணும், ஒரு நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்தில முன்னால இருக்கோணும். நொத்தாரிசு இல்லாம அஞ்சு சாட்சிக்கு முன்னால ஒப்பம் வைக்கிற வழியும் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தில வந்ததுதான், ஆனா அந்தச் சட்டத்துக்கு 2022லயும் திருத்தம் வந்திருக்கு, இப்ப எப்பிடி எண்டு கேட்டுத்தான் பாக்கோணும், அதோட பிறகு கோட்டில அந்த அஞ்சு பேரையும் தேடிப் பிடிக்கிறது லேசில்ல, ஒருத்தர் செத்திருப்பார் ஒருத்தர் கனடாவில இருப்பார். ஆகவே நொத்தாரிசிட்டயே போங்க. பங்கு கிடைக்கிற ஆக்களைச் சாட்சியாப் போடாதீங்க, அவங்கட கணவன் மனைவியையும் போடாதீங்க. பக்கத்து வீட்டு ஐயா, கோயில் தலைவர், கூட வேலை செய்த ஆள் எண்டு பங்கில சம்பந்தம் இல்லாத, உங்களைவிட வயசு குறைஞ்ச ஆக்களாப் பாருங்க.

எழுதின உயிலை எப்பவும் மாத்தலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும். உயில் எழுதின பிறகு கல்யாணம் கட்டினா அந்தப் பழைய உயில் செல்லாமப் போயிடும், ரெண்டாம் தாரம் கட்டுறவங்க இதைக் கட்டாயம் ஞாபகம் வைச்சிருக்கோணும்.

உயில்ல ஒரு நிறைவேற்றுநரின்ட பேர் போடோணும், எங்கட ஆக்கள் எக்ஸிகியூட்டர் எண்டுதான் சொல்லுறது. நீங்க செத்த பிறகு உயிலைக் கோட்டுக்குக் கொண்டுபோறது, கடனைக் கட்டுறது, மிச்சத்தைப் பிரிச்சுக் குடுக்கிறது எல்லாம் அவற்ற வேலை. உயில் இருந்தாலும் நேரா காணியை எழுதிக்கொள்ள ஏலாது, மாவட்ட நீதிமன்றத்தில டெஸ்டமென்டரி வழக்குப் போட்டு இது உண்மையான உயில்தான் எண்டு உறுதிப்படுத்தோணும். அதுக்குக் காலம் எடுக்கும், செலவும் இருக்கு. அதனால நிறைவேற்றுநரா மூத்தவன் எண்டதுக்காக மட்டும் மூத்த மகனைப் போடாதீங்க. ஊரோட இருக்கிற, கோட்டுக்குப் போகப் பஞ்சிப்படாத, மற்றச் சகோதரங்களோட கதை பேச்சு உள்ள ஒரு பிள்ளையைப் போடுங்க, மகளெண்டாலும் சரி. அவவிட்ட முதலே கேட்டுச் சம்மதம் வாங்குங்க.

"கோடு வழக்கு எண்டு அலைய வேண்டாம், உயிரோட இருக்கேக்கயே எழுதிக் குடுத்திடுவம்" எண்டு நன்கொடை உறுதி முடிக்கிற ஆக்களும் நிறைய. அது நல்ல வழிதான், ஆனா அவசரப்பட்டு முடிச்ச சில வயசான ஆக்கள்ட நிலையைப் பாக்கேக்க நெஞ்சு வலிக்கும். முழு வீட்டையும் எழுதிக் குடுத்திட்டா அது உங்கட வீடு இல்ல, பிள்ளைட வீடு. பிள்ளை நல்ல பிள்ளையா இருக்கலாம், ஆனா பிள்ளை உங்களுக்கு முதல் செத்தா? அந்தப் பிள்ளைட குடும்பம் பிரிஞ்சா? கடனுக்கு அந்த வீட்டை ஈடு வைச்சா? அதுக்குத்தான் சீவிய உரித்து எண்டு ஒண்டு இருக்கு. உறுதி எழுதேக்க "எனக்கும் என்ர மனுசிக்கும் சாகுமட்டும் சீவிய உரித்து" எண்டு ஒரு வரி சேர்த்தா நீங்க சாகும்வரை அந்த வீட்டில இருக்கலாம், வாடகைக்குக் குடுத்து அந்தக் காசை எடுக்கலாம், உங்களை எழும்பு எண்டு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. மனுசிட பேரையும் சேர்க்கோணும், புருஷன்ட பேர்ல மட்டும் போட்டா அவர் செத்த அண்டைக்கே மனுசிக்குப் பிடி இல்லாமப் போகும். அதோட உறுதி ரத்துச் செய்யக்கூடியதா ரத்துச் செய்ய முடியாததா எண்டு ஒப்பம் வைக்க முதல் கேளுங்க, நொத்தாரிசு அவசரமா வாசிச்சுக்கொண்டு போனா மெதுவா வாசிக்கச் சொல்லுங்க, அதில வெக்கப்பட ஒண்டுமில்ல. ரத்துச் செய்ய முடியாத நன்கொடையைத் திருப்பி எடுக்கோணுமெண்டா, பிள்ளை மோசமா நன்றி கெட்டு நடந்தது எண்டு மாவட்ட நீதிமன்றத்தில வழக்கு வைச்சு நிரூபிக்கோணும், 2017ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் அதுக்குத்தான். பெத்த பிள்ளைக்கு எதிரா எழுபத்தஞ்சு வயசில கோட்டில ஏறி நிக்கிற நிலை ஒரு தாய்க்கும் வரக்கூடாது.

அடுத்தது பெர்மிட் காணி. திருகோணமலை மாவட்டத்தில இதைப் பற்றிச் சொல்லாம விட்டா இந்த விளக்கத்துக்கே அர்த்தம் இல்ல. கந்தளாய், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா, குச்சவெளி, சேருவில, வெருகல் எண்டு எந்தப் பக்கம் போனாலும் வயலும் குடியிருப்பும் பெரும்பாலும் அரச காணி, 1935ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ குடுத்த அனுமதிப்பத்திரம், இல்லாட்டி ஜயபூமி, சுவர்ணபூமி மாதிரி அளிப்புப் பத்திரம். நாப்பது அம்பது வருஷமா வேர்வை சிந்தின காணி, அதனால சொந்தக் காணி எண்டுதான் நினைப்பம். ஆனா இதை விரும்பின ஆளுக்கு எழுதவோ நினைச்சபடி துண்டு போட்டுப் பிரிக்கவோ சட்டம் விடாது. பின்னுரித்தாளர், அதாவது உங்களுக்குப் பிறகு காணி போற ஆள், எண்டு ஒருத்தரின்ட பேரை நியமிச்சு அதைப் பதிஞ்சு வைக்கோணும், அந்த ஆளும் கணவன் மனைவியோ சட்டத்தில சொன்ன சொந்தக்காரரோவாத்தான் இருக்கோணும். சும்மா ஒரு கடதாசியில எழுதி ஒப்பம் வைச்சு பெட்டிக்குள்ள வைச்சா அது நியமனம் இல்ல. பிரதேச செயலகத்தில காணிப் பிரிவுக்குப் போய் அந்தப் படிவத்தை நிரப்பி, காணிப் பதிவகத்தில பதிவாகிற வரைக்கும் விடாமப் பாக்கோணும், நீங்க உயிரோட இருக்கேக்கயே அது பதிவாகியிருக்கோணும்.

நியமிக்காமச் செத்தா கணவனோ மனைவியோ சீவிய காலத்துக்கு மட்டும் அனுபவிக்கலாம். அவங்களும் ஆறு மாசத்துக்குள்ள காணியைப் பொறுப்பெடுத்துக் கையில வைச்சிருக்கோணும், புருஷன் செத்த கவலையில மனுசி பிள்ளைட வீட்டில போய் இருந்திட்டா பிறகு சிக்கல். அதுக்குப் பிறகு ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் போகும். முந்தி மகன்மாருக்குத்தான் முதலிடம், பொம்பிளைப் பிள்ளை எத்தனை மூத்தவளா இருந்தாலும் பின்னுக்கு. 2022ஆம் ஆண்டு 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்து அந்த ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்துப்போட்டுது, இப்ப மூத்த பிள்ளை யாரோ அவருக்கு. நல்ல மாற்றம், வரவேண்டிய மாற்றம், ஆனா அது ஒரு பிள்ளைக்குத்தான் எண்டது இன்னும் அப்பிடியே இருக்கு. ஆகவே நாலு பிள்ளை இருக்கிற வீட்டில, வயல் செய்யிற கடைசிப் பிள்ளைக்குக் காணி போகோணும் எண்டு நினைச்சா நீங்க இப்பவே பேரைப் பதிஞ்சு, மற்ற மூண்டு பேருக்கும் என்ன குடுக்கிறது எண்டு வேற வழி பாருங்க. அதை நாலு பேரையும் ஒண்டா இருத்திச் சொல்லுங்க. பிறகு வேற ஆள் வாயால தெரிய வாறதுதான் கோபத்தைக் கிளப்புறது.

வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். காணி பாக்கிறதுக்கு ஊர்ல ஒரு ஆளுக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்குப் பதிலா ஒப்பம் வைக்கிற அதிகாரம், குடுத்திருப்பீங்க. அது குடுத்த ஆள் உயிரோட இருக்கும்வரைதான். செத்த நிமிஷத்தோட அந்தப் பேப்பருக்கு உயிர் இல்ல, அதை வைச்சு ஒரு காணியும் விக்க ஏலாது, வங்கியில காசும் எடுக்க ஏலாது. "மாமாட்ட அற்றோணி இருக்குத்தானே, பிறகு பாப்பம்" எண்டு உயில் எழுதாம இருக்கிற ஆக்கள் நிறையப் பேர்.

காசு விஷயம் கொஞ்சம் லேசு. வங்கிக் கணக்குக்கு நொமினி (உங்களுக்குப் பிறகு காசு எடுக்கிற ஆள்) போடலாம், குடிமுறை வழக்குச் சட்டத்திலயே அதுக்கு இடம் இருக்கு, கவுண்டரில படிவம் கேட்டு நிரப்பினாச் சரி. ஜொயின்ட் கணக்கெண்டா "ஒருத்தர் செத்தா மற்றவர் எடுக்கலாம்" எண்ட மாதிரி அறிவுறுத்தல் குடுத்திருக்கா எண்டு கேட்டுப் பாருங்க, எல்லா ஜொயின்ட் கணக்கும் அப்பிடித் திறக்கிறதில்ல. ஈபிஎஃப்க்கு வேலையில சேரேக்க இருபத்திரண்டு வயசில அம்மாட பேரைப் போட்டிருப்பீங்க, இப்ப அம்மாவும் இல்ல, மனுசி பிள்ளைகள் இருக்கு, பேர் மட்டும் மாறேல்ல. இன்சூரன்சும் அப்பிடித்தான். கல்யாணம், பிள்ளை பிறக்கிறது, பிரிவு, சாவு, இந்த நாலில எது நடந்தாலும் எல்லா நொமினியையும் ஒருக்காப் பாத்து மாத்துங்க. அரச உத்தியோகம் பாத்தவங்க விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மனுசி பிள்ளைகள்ட விபரம் சரியாப் பதிஞ்சிருக்கா எண்டு ஓய்வுக்கு முதலே பாக்கிறது நல்லம்.

கடனையும் எழுதி வையுங்க. அடகு வைச்ச நகைக்கு எந்தக் கடை எந்த ரசீது, சீட்டுப் பிடிச்சது, யாருக்குக் கைமாத்துக் குடுத்தது, யாரிட்ட வாங்கினது. செத்தவர்ட சொத்தில இருந்து முதல் கடன்தான் போகும், அதுக்குப் பிறகுதான் பங்கு. எழுதி வைக்காட்டி செத்த வீட்டிலயே வந்து "எனக்கு இவ்வளவு தரவேணும்" எண்டு நிக்கிற ஆளுக்கு ஆமெண்டும் சொல்ல ஏலாது, இல்லையெண்டும் சொல்ல ஏலாது.

பேப்பர் எல்லாம் இருந்தாலும் பேர் பொருந்தாட்டி ஒண்டும் நகராது. எங்கட ஆக்கள்ட பெரிய தலையிடி இது. பிறப்புப் பத்திரத்தில ஒரு பேர், அடையாள அட்டையில இன்னொரு எழுத்து, உறுதியில வீட்டுப் பேர், சிங்களத்தில எழுதினதை ஆங்கிலத்துக்கு மாத்தேக்க வேற மாதிரி. உயிரோட இருக்கிற ஆள் "இந்த ரெண்டு பேரும் நான்தான்" எண்டு சமாதான நீதவான் முன்னால ஒரு சத்தியக்கடதாசி முடிச்சு வைச்சா சின்ன வேலை, செத்த பிறகு அதையே பிள்ளைகள் நிரூபிக்கிறதெண்டா பெரிய வேலை. இடம்பெயர்வில உறுதி துலைஞ்சிருந்தாலும் மனம் விட வேண்டாம், காணி உறுதிட ஒரு பிரதி நொத்தாரிசிட்ட, இன்னொண்டு காணிப் பதிவகத்தில இருக்கிற மாதிரித்தான் முறையே இருக்கு, உறுதி இலக்கமும் நொத்தாரிசின்ட பேரும் தெரிஞ்சா அத்தாட்சிப்படுத்தின பிரதி எடுக்கலாம். அந்த இலக்கம் தெரிஞ்ச ஒரே ஆள் அம்மம்மாவா இருப்பா, அவ கதைக்கக்கூடிய காலத்திலயே கேட்டு எழுதி எடுங்க.

இவ்வளவும் சொத்து. இனிச் செத்த வீடு.

ஒண்டை முதல்ல சொல்லிடுறன், ஈமக்கிரியை பற்றின விருப்பத்தை உயிலுக்குள்ள மட்டும் எழுதி வைக்காதீங்க. உயிலைத் தேடி எடுத்து வாசிக்கிறது எல்லாம் முடிஞ்ச பிறகுதான், அப்ப "என்னை எரிக்காம தாட்டுவிடுங்க" எண்டு எழுதியிருந்தா என்ன பிரயோசனம்? தனி ஒரு தாளில எழுதி, ரெண்டு மூண்டு பேருக்கு வாயாலயும் சொல்லி, ஒரு பிரதியை அவங்களிட்டயே குடுத்து வையுங்க.

என்ன எழுதுறது எண்டு கேட்டா, எரிக்கிறதா தாட்டுவிடுறதா எண்டதில தொடங்குங்க. கொள்ளி வைக்கிறது யார்? மகன் இல்லாத வீட்டில, மகன் இருந்தும் விசா இல்லாம வர ஏலாத வீட்டில இந்தக் கேள்வி பிரேதத்தை நடு வீட்டில வைச்சுக்கொண்டு பெரிய வாக்குவாதமா மாறும். "என்ர மகளே செய்யட்டும்" எண்டு தகப்பன் தன்ர கையால எழுதி வைச்சா பிறகு பெரியப்பா சித்தப்பாமாருக்கு மறுக்கிறது கஷ்டம். எத்தனை நாள் வைச்சிருக்கிறது எண்டதையும் எழுதுங்க. கனடா, லண்டன், அவுஸ்திரேலியாவில இருந்து பிள்ளை வர மூண்டு நாலு நாள் செல்லும், அதுவரைக்கும் மலர்ச்சாலையில வைக்கிறதா, இல்ல "யாருக்கும் காத்திருக்க வேண்டாம், அடுத்த நாளே எடுங்க" எண்டதா? இதில உங்கட சொல்தான் வர ஏலாத பிள்ளைக்கு ஆறுதல். வர ஏலாமப் போன குற்ற உணர்ச்சியோட வாழுற பிள்ளைகள் எத்தனை, "நான்தான் காத்திருக்க வேண்டாம் எண்டு சொன்னன்" எண்ட ஒரு வரி அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் எண்டு யோசிச்சுப் பாருங்க. முஸ்லிம் வீடுகள்ல ஜனாஸாவைத் தாமதிக்காம அடக்குறது முறை, அங்க இந்தக் கேள்வி குறைவு, ஆனா கடன் விபரமும் வசிய்யத்தும் (மரண சாசனம்) எழுதி வைக்கிறது அவங்களுக்கும் முக்கியம். கிறிஸ்தவ ஆக்கள் குடும்பக் கல்லறை எங்க, அதில இடம் இருக்கா எண்டு கோயில் பாதரிட்ட முதலே கேட்டு வைக்கலாம்.

சாம்பலை எங்க கரைக்கிறது, அந்தியேட்டியை எங்க செய்யிறது எண்டதும் எழுதலாம். திருகோணமலை ஆக்களுக்குக் கடலும் பக்கத்தில, கன்னியாவும் பக்கத்தில. இராவணன் தன்ர தாய்க்குக் கடன் செய்த இடம் எண்டு நம்பி, அந்த ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிற இடத்தில தலைமுறை தலைமுறையா எங்கட ஆக்கள் முப்பத்தோராம் நாள் கருமம் செய்து வந்திருக்கிறாங்க. அங்க செய்யோணும் எண்டு உங்களுக்கு மனசில இருந்தா சொல்லுங்க, சொல்லாட்டி பிள்ளைகளுக்குத் தெரியாது. அதேபோல ஆடம்பரம் வேண்டாம் எண்டாலும் சொல்லுங்க, இது ரொம்ப முக்கியம். ஊர் என்ன சொல்லும் எண்ட பயத்தில கடன்பட்டு பெரிய பெட்டி, வழி நெடுக பனர், வெடி, முப்பத்தொண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சாப்பாடு எண்டு செய்யிற குடும்பங்கள் இருக்கு, பிறகு அந்தக் கடனை மனுசி தனியக் கட்டுறா. செத்தவரே "சிம்பிளாச் செய்யுங்க" எண்டு எழுதியிருந்தா ஊர் வாயை மூடலாம்.

செலவுக்கு எங்கட ஊர்ல நல்ல வழி மரண உதவிச் சங்கம். மாசம் ஒரு சின்ன சந்தா, சாவு நடந்தா தகரப் பந்தல், கதிரை, கொஞ்சக் காசு, அதைவிடப் பெரிசு ஆள் உதவி. வேற இடத்தில இருந்து புதுசா வந்து குடியேறின ஆக்கள் இதில சேராம விடுறாங்க, சேருங்க, சந்தாக் கொப்பியை மற்றப் பேப்பரோட வையுங்க. கண்தானம் செய்ய விரும்பினா அதையும் வீட்டில சொல்லோணும். 1961ல ஹட்சன் சில்வா தொடங்கின இலங்கை கண்தான சங்கம் இப்பவும் இயங்குது, ஆனா செத்து ஒரு சில மணித்தியாலத்துக்குள்ள கண்ணை எடுக்கோணும், வீட்டு ஆக்கள் அந்த நேரத்தில அழைப்பெடுக்காட்டி நீங்க பதிஞ்சதில பிரயோசனம் இல்லாமப் போயிடும்.

சாவு நடந்த அண்டைக்கு என்ன செய்யிறது எண்டதும் அந்தத் தாளிலயே இருக்கட்டும், ஏனெண்டா அந்த நேரம் யாருக்கும் மூளை வேலை செய்யாது. வீட்டில இயற்கையாச் செத்தா கிராம அலுவலருக்கு அறிவிச்சு அவற்ற அறிக்கையோட மரணப் பதிவாளரிட்ட போகோணும். ஆஸ்பத்திரியில எண்டா அங்கயே காரணம் எழுதின படிவம் தருவாங்க. திடீர்ச் சாவு, விபத்து, தற்கொலை எண்டா மரண விசாரணை அதிகாரி வந்து பாக்காம பிரேதத்தை எடுக்கக் கூடாது, பொலிசுக்கும் அறிவிக்கோணும். அஞ்சு நாளுக்குள்ள மரணத்தை அறிவிக்கிறதுதான் சட்டம், மூண்டு மாசம் தாண்டினா பிந்திய பதிவு எண்டு வேற வழியால போகோணும். பதியேக்க பேரை எழுத்துக்கு எழுத்து அடையாள அட்டையோட ஒப்பிட்டுப் பாருங்க. மரணப் பத்திரத்தில வாற ஒரு எழுத்துப் பிழை வங்கி, ஈபிஎஃப், காணி, கோடு எண்டு எல்லா இடத்திலயும் பின்னால வந்து நிக்கும். பிரதியும் கூடுதலா எடுத்து வையுங்க, எல்லா இடத்திலயும் கேப்பாங்க.

தொடங்கிறது எப்பிடி எண்டு கேக்கிறவங்களுக்கு: ஒரு ஃபைல் வாங்குங்க. அடையாள அட்டைப் பிரதி, பிறப்பு, விவாகப் பத்திரங்கள், உறுதி, நில அளவைப் பிளான், பெர்மிட், வாகனப் புத்தகம், பாஸ் புத்தகப் பிரதிகள், ஈபிஎஃப் இலக்கம், இன்சூரன்ஸ், உயில் எந்த நொத்தாரிசிட்ட எழுதினது எண்ட விபரம். வங்கி பின் இலக்கத்தை மட்டும் அதில எழுத வேண்டாம். அப்பா அம்மாட்ட எப்பிடிக் கேக்கிறது எண்டு தயங்கிற பிள்ளைகள் முதல்ல தங்கட ஃபைலைச் செய்யுங்க, "அப்பா, நான் என்ர விஷயம் எல்லாம் எழுதி வைச்சிட்டன், இதில உங்களுக்கும் ஒரு பக்கம் இருக்கு, ஒருக்காப் பாருங்கோ" எண்டு கேட்டா அந்தக் கேள்வி குத்தாது. வேற சாவு வீட்டுக்குப் போய் வந்த அண்டு பின்னேரமும் கதைக்க நல்ல நேரம், அப்ப அவங்களே அதைப் பற்றித்தான் யோசிச்சுக்கொண்டு இருப்பாங்க.

சட்டத்தரணிக்குக் குடுக்கக் காசில்லாத ஆக்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம், 1978ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ உருவானது, திருகோணமலையிலயும் நிலையம் இருக்கு. வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அங்க சட்ட ஆலோசனை குடுப்பாங்க. பெர்மிட் காணிக்கு எண்டா நேரா உங்கட பிரதேச செயலகக் காணிப் பிரிவு. போகேக்க பெர்மிட்டின்ட மூலப் பிரதி, உங்கடயும் நியமிக்கிற ஆளின்டயும் அடையாள அட்டை, நியமிக்கிற ஆளின்ட பிறப்புப் பத்திரம் கொண்டு போங்க, திருப்பி அனுப்பினா என்ன குறை எண்டு எழுத்தில கேட்டு வாங்கிக்கொண்டு வாங்க.